மேனேஜர் யார் என்பது யாருடைய கேள்வி?

இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜர் பதவி காலியானால், அடுத்த ஆள் வரும்வரை அந்த ஊரில் வேறு பேச்சு எடுபடாது. மதுக்கடையிலும் ரயிலிலும் வானொலி நிகழ்ச்சிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளிலும் ஐந்தாறு பெயர்கள் அடிபடும். இவர் இளைஞர்களை வளர்த்தெடுப்பவர், அவர் பத்துப் பேரையும் கோல் வாசலில் நிறுத்திவிட்டு ஒரு கோலுக்குக் காத்திருப்பவர், இன்னொருவர் எதிரி அணிக்காரர், இங்கே காலடி வைக்கவே கூடாது என்று வாதம் இரவு முழுக்க நீளும். உரிமையாளர்களும் விமர்சகர்களில் பலரும் இதை வெறும் பொழுதுபோக்காகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ரசிகர்களின் கணிப்பு பலிப்பதில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். ரசிகர்கள் கேட்டு வாங்கியவர் தோற்றுப்போயிருக்கிறார். வேண்டவே வேண்டாம் என்று அவர்கள் கூவியவர் கோப்பையோடு திரும்பியிருக்கிறார். இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் நூறாண்டுச் செய்திகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ரசிகர்கள் விவாதித்து வந்த கேள்வியே வேறு என்பது புலப்படுகிறது. அடுத்த சீசனில் யார் ஜெயித்துக் கொடுப்பார் என்பதைவிட, இந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்க யாருக்குத் தகுதி உண்டு என்பதையே அவர்கள் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் காதில் வாங்காத கிளப்புகள், திறமைசாலியைப் பிடித்துவந்த பிறகும் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன.

இந்த விவாதம் கால்பந்தோடு சேர்ந்து பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லீக் ஆட்டங்கள் வேரூன்றிய காலத்தில், அணியைத் தேர்ந்தெடுத்தது இயக்குநர்கள் கூடிய குழு. சம்பளம் வாங்கிய செயலாளர் கடிதம் எழுதுவார், ரயில் டிக்கெட் வாங்குவார், கணக்குப் பார்ப்பார். ஆஸ்டன் வில்லா மாதிரியான பெரிய கிளப்கூட 1934வரை மேனேஜர் என்ற பதவியே இல்லாமல் நடந்தது. நியூகாசில் யுனைடெட் 1930இல்தான் முதல் மேனேஜரை நியமித்தது. அதன் பிறகும் இயக்குநர்களின் கை ஓங்கியே இருந்தது. 1955 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு நியூகாசில் மேனேஜர் டக் லிவிங்ஸ்டன் எழுதிய பட்டியலில் ஜாக்கி மில்பர்னின் பெயர் இல்லை என்றும், இயக்குநர்கள் அதைத் திருத்தி மில்பர்னைச் சேர்த்தார்கள் என்றும் அந்தக் கிளப்பின் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகுமுன் மில்பர்ன் கோல் அடித்தார். கோப்பை நியூகாசிலுக்கு வந்தது. தேசிய அணியிலும் இதே நிலைதான். 1946இல் பொறுப்பேற்ற வால்டர் வின்டர்பாட்டம் பதினாறு ஆண்டுகளும் ஒரு தேர்வுக் குழுவின் கீழேயே பணியாற்றினார். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முழு அதிகாரத்தையும் 1963இல் கேட்டுப் பெற்றவர் ஆல்ஃப் ராம்சே. ஆகவே அன்றைய ரசிகன் சண்டையிட்டதெல்லாம் ஆட்டக்காரர்களைப் பற்றி. இடது விங்கில் யார் ஆட வேண்டும், கோல்கீப்பரை ஏன் மாற்றவில்லை என்று சனிக்கிழமை மாலை வண்ணத் தாளில் அச்சாகி வந்த விளையாட்டுப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு வாதாடினான். மேனேஜருக்கு முகம் இல்லாத காலத்தில் அவரைப் பற்றி வாதாட என்ன இருந்தது?

அந்த முகத்தை முதலில் வாங்கித் தந்தவர் ஹெர்பர்ட் சாப்மேன். 1925 மே மாதம் 'அத்லெட்டிக் நியூஸ்' பத்திரிகையில் ஆர்செனல் கிளப் தனக்கு அணி மேனேஜர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. அனுபவமும் நல்ல குணமும் வேண்டும் என்றதோடு, பெரும் தொகை கொட்டி ஆட்டக்காரர்களை வாங்கித்தான் அணி கட்டத் தெரியும் என்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். தலைவர் ஹென்றி நாரிஸின் சிக்கனம் அது. வந்து சேர்ந்த சாப்மேனோ, ஹடர்ஸ்ஃபீல்டு டவுனுக்கு 1924, 1925 என அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்களை வென்று கொடுத்தவர். வந்த கையோடு சார்லி புக்கனை 2,000 பவுண்டும், முதல் சீசனில் அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுண்டும் தருவதாகப் பேசி வாங்கவைத்தார். 1930இல் எஃப்.ஏ. கோப்பை, 1931இலும் 1933இலும் லீக் பட்டம். மைதானத்துக்கு அருகிலிருந்த கில்லஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையத்துக்கு ஆர்செனல் என்ற பெயரை 1932இல் வாங்கிக் கொடுத்ததும் அவருடைய முயற்சிதான். ஒரு தனி மனிதரின் சிந்தனை ஒரு கிளப்பின் ஆட்டத்தையும், ஊரில் அதற்கு உள்ள அடையாளத்தையும் சேர்த்தே மாற்ற முடியும் என்பதை ரசிகர்கள் கண்ணால் கண்டார்கள். 1934 ஜனவரியில் அவர் இறந்தபோது இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர் என்பவர் கணக்குப் பார்க்கும் ஊழியராக இல்லை.

இதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. ரசிகர் மன்றங்கள் ஊருக்கு ஊர் முளைத்து, 1927இல் தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. கிளப்புக்கு உதவுவோம், குறுக்கே நிற்க மாட்டோம் என்பதுதான் அந்தக் கூட்டமைப்பின் முழக்கம். அவர்கள் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். பரிசுச் சீட்டு விற்றார்கள், நடன நிகழ்ச்சி நடத்தினார்கள், அந்தப் பணத்தில் கேலரிகளுக்குக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். கிளப்போ சட்டப்படி ஒரு தனியார் நிறுவனம். பங்குகள் உள்ளூர் வியாபாரிகள் சிலரின் கையில் இருந்தன. தேர் வடத்தை ஊரே இழுக்க, தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதை நாலு பேர் முடிவு செய்த ஏற்பாடு அது. பங்கு லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தும், இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது என்று சொல்லியும் கால்பந்துச் சங்கம் நெடுங்காலம் ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்றியது. அந்தக் கட்டுப்பாடு இருந்தவரை, கிளப் எங்களுடையது என்ற ரசிகர்களின் நினைப்புக்கு ஓரளவு ஆதாரம் இருந்தது. 1981இல் இயக்குநர் சம்பளம் அனுமதிக்கப்பட்டது. 1983இல் டாட்டன்ஹாம் ஒரு தாய் நிறுவனத்தை உருவாக்கி பங்குச் சந்தைக்குப் போனது. பங்கும் இல்லை, வாக்கும் இல்லை என்றான பிறகு ரசிகனுக்கு மிஞ்சியது குரல் ஒன்றுதான். அந்தக் குரல் மேனேஜர் நியமனத்தைச் சுற்றியே அதிகமாக ஒலிப்பது தற்செயல் அல்ல. உரிமையாளர் கண்ணில் படுவதில்லை, ஆட்டக்காரர்கள் மூன்று ஆண்டுகளில் வேறு ஊருக்குப் போகிறார்கள். கிளப்பின் சார்பில் வாரத்துக்கு இரண்டு முறை வாய் திறந்து பேசுபவர் மேனேஜர் ஒருவரே.

அந்தக் குரல் ஓர் இயக்கமாகவே எழுந்த ஊர் டெர்பி. 1967இல் மேனேஜராகப் பிரையன் கிளஃபும் அவருடைய துணையாகப் பீட்டர் டெய்லரும் டெர்பி கவுன்டிக்கு வந்தபோது அது இரண்டாம் பிரிவில் தேங்கிக் கிடந்த கிளப். 1969இல் மேல் பிரிவு, 1972இல் முதன்முறையாக லீக் பட்டம், 1973இல் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி. ரயில் பெட்டியும் விமான எஞ்சினும் செய்து வாழ்ந்த ஒரு நடுத்தர ஊரின் பெயர் இத்தாலியில்கூடப் பேசப்பட்டது. கிளஃப் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் யாரையும் விட்டுவைக்காமல் பேசினார். அதைத் தலைவர் சாம் லாங்சனால் பொறுக்க முடியவில்லை. மோதல் முற்றி 1973 அக்டோபர் நடுவில் இருவரும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். இயக்குநர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சனிக்கிழமை லெஸ்டர் அணியுடன் ஆட்டம். பேஸ்பால் கிரவுண்டு என்ற அந்த நெருக்கமான மைதானத்தின் கேலரியில் கிளஃப் திடீரென்று தோன்றினார், எழுந்து நின்று கூட்டத்துக்குக் கையசைத்தார், ஆட்டத்தைப் பார்க்காமலே வெளியேறினார். இயக்குநர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து மைதானமே கத்தியது. டான் ஷா என்ற நாடக ஆசிரியர் முன்னின்று ஒரு போராட்ட இயக்கம் உருவானது. கூட்டங்கள் நடந்தன, ஊர்வலம் போனார்கள், ஆட்டக்காரர்களும் கிளஃபைத் திரும்ப அழைக்கச் சொல்லி இயக்குநர்களுக்கு நெருக்கடி கொடுத்தார்கள்.

இயக்குநர்கள் டேவ் மக்காயைக் கொண்டுவந்தார்கள். கிளஃபின் முதல் பெரிய அணிக்குக் கேப்டனாக இருந்தவர் அவர். 1974-75 சீசனில் மக்காயின் கீழ் டெர்பி மறுபடியும் லீக் பட்டம் வென்றது. ரசிகர் வாதம் பொய்த்துப்போனதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஊரில் கொதிப்பு அடங்காத நேரத்தில் இயக்குநர்களால் வேறு யாரை அங்கே நிறுத்தியிருக்க முடியும்? அந்த மைதானத்தில் வியர்வை சிந்தியவர், எதிர்த்துக் கூவ யாருக்கும் மனம் வராதவர் என்று ஊரில் ஒருவரே இருந்தார். அவரைத் தேடிப் பிடித்தார்கள். போராட்டம் கேட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆனால் போராட்டம் வகுத்த எல்லைக்கு உள்ளேயே நியமனம் நடந்தது. மக்காய் வென்றார் என்பது போராடியவர்களின் கணிப்பைத்தான் பொய்யாக்கியது. எங்களோடு சம்பந்தப்பட்ட ஒருவர் வேண்டும் என்ற அவர்களின் நிபந்தனையை அல்ல.

1974இல் அதே கிளஃப் லீட்ஸ் யுனைடெடுக்குப் போனார். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தேசிய அணிக்குப் போன லீட்ஸ் மேனேஜர் டான் ரெவி, தன் இடத்துக்கு ஆட்டக்காரர் ஜானி ஜைல்ஸைச் சிபாரிசு செய்தார். இயக்குநர்கள் கேட்கவில்லை. லீட்ஸின் முரட்டு ஆட்டத்துக்குத் தண்டனையாக அதைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்க வேண்டும் என்று ஓராண்டுக்கு முன்பு எழுதியவரையே அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். நாற்பத்து நான்கு நாள்தான். திறமையை மட்டும் வைத்துப் பார்த்தால் அன்றைக்கு இங்கிலாந்தில் கிளஃபுக்கு நிகர் சிலரே. பின்னால் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு 1979, 1980 என இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வென்று அதை அவர் நிரூபித்தார். லீட்ஸின் எல்லண்டு ரோடு மைதானக் கேலரியில் நின்ற எந்த ரசிகனிடம் கேட்டிருந்தாலும் இவர் இங்கே ஒத்துவர மாட்டார் என்று சொல்லியிருப்பான். அதற்குக் கால்பந்து நுணுக்கம் தேவையில்லை, முந்தைய வருடப் பத்திரிகைகளை நினைவில் வைத்திருந்தால் போதும். அதே 1974 ஜூலையில் பில் ஷாங்க்லி ஓய்வு பெற்றபோது லிவர்பூல் ஊர் இடிந்துபோனது. அங்கே இயக்குநர்கள் ஷாங்க்லிக்குப் பக்கத்தில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த பாப் பெய்ஸ்லியை, அவர் தயங்கியபோதும் வற்புறுத்தி அமர்த்தினார்கள். ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் பின்னால் வந்தவை. நியமன நாளில் யாருக்கும் அது தெரியாது. ஆனால் இவர் நம்மவரா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். 1996இல் ஆர்செனல் ஜப்பானின் நகோயா கிளப்பிலிருந்து ஆர்சென் வெங்கரை அழைத்துவந்தபோது, யார் இந்த ஆர்சென் என்று லண்டன் மாலைப் பத்திரிகை தலைப்பே போட்டது. ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் யோஹான் கிராய்ஃப் போன்ற பெரிய பெயர்கள் வந்திருக்கும், வெங்கர் வந்திருக்க மாட்டார். 1998இல் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்த இரட்டைப் பட்டம், 2003-04இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காத சீசன், இவையெல்லாம் இல்லாமல் போயிருக்கும். உண்மைதான். ஆனால் வெங்கரை எதிர்த்து அங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. தெரியாத ஆளைப் பற்றி யாரென்று கேட்டார்கள். ஆட்டத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, சீக்கிரமே ஏற்றுக்கொண்டார்கள். அறிமுகமில்லாதவருக்கு ரசிகர்கள் கதவைச் சாத்துவதில்லை. தங்களை அவமதித்தவராக அவர்கள் கருதுபவருக்கே சாத்துகிறார்கள். இன்னொன்று, வெங்கர் நியமனம் இயக்குநர்களின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்று என்பதும் அரை உண்மையே. 1989இலிருந்தே வெங்கரை அறிந்திருந்தவர் டேவிட் டீன் என்ற ஓர் இயக்குநர். 1995இலேயே அவர் பெயரைச் சொன்னார், மற்றவர்கள் ஒப்பவில்லை. புரூஸ் ரியோக்கை எடுத்து, ஓராண்டில் வெளியேற்றி, அதன் பிறகே இந்தப் பக்கம் வந்தார்கள்.

கணிப்பு என்று வந்துவிட்டால் இயக்குநர்களின் மதிப்பெண்ணும் ஒன்றும் உயர்ந்ததல்ல. நெதர்லாந்தின் மேல்பிரிவில் 1986 முதல் 2004 வரை நடந்த மேனேஜர் மாற்றங்களைப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல் ஆராய்ந்தார். தொடர் தோல்விக்குப் பின் ஆளை மாற்றிய கிளப்புகளையும், அதே அளவு சரிந்தும் மாற்றாமல் விட்ட கிளப்புகளையும் ஒப்பிட்டால் இரண்டுமே ஏறத்தாழ ஒரே மாதிரி மீண்டிருந்தன. நிபுணர்கள் பெரும் சம்பளத்தோடு செய்யும் வேலையின் பலனே இப்படி இருக்கும்போது, மதுக்கடையில் உட்கார்ந்து பேசுபவர் தவறாகக் கணிக்கிறார் என்று அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. டாட்டன்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில், லீக் கோப்பை இறுதியாட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது ஜோசே மொரீனியோவை நீக்கினார்கள். அதன் பின் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை. அந்தோனியோ கோன்டே வந்து பேசிப் போனார், பாவ்லோ ஃபொன்சேகாவோடு முடிவாகும் நிலைக்கு வந்து முறிந்தது, ஜென்னாரோ கட்டூசோவின் பெயர் வெளியானது. பெண்களைப் பற்றியும் ஒருபாலினத் திருமணம் பற்றியும் கட்டூசோ முன்பு சொன்னவற்றை ரசிகர்கள் எடுத்துப்போட்டு எதிர்த்தார்கள். சில மணி நேரத்தில் கிளப் பின்வாங்கியது. கடைசியில் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஜூன் 30 அன்று வந்தார், நவம்பர் 1 அன்று போனார். இந்த முழுக் குழப்பத்தில் தெளிவான காரணம் காட்டி எடுக்கப்பட்ட ஒரே நிலை ரசிகர்களுடையதாக இருந்தது.

லிவர்பூலில் 2010இல் நடந்தது இந்த விவாதத்தின் இரு பக்கங்களையும் ஒன்றாகக் காட்டுகிறது. ஃபுல்ஹாமை யூரோப்பா லீக் இறுதிக்குக் கொண்டுபோன ராய் ஹாட்சன் அங்கே மேனேஜரானார். கண்ணியமான, அனுபவம் முதிர்ந்த மனிதர். ஆனால் அந்தக் கோடையில் கென்னி டால்கிலீஷும் தனக்கு விருப்பம் உண்டு என்று கிளப்பிடம் சொல்லியிருந்தார். டால்கிலீஷ் அந்த ஊருக்கு யார் என்பதை 1986இன் இரட்டைப் பட்டத்தை வைத்து மட்டும் அளக்க முடியாது. 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைப் பறித்தது. அப்போது மேனேஜராக இருந்தவர் அவர். இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனார், இறுதிச் சடங்குகளில் நின்றார், ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குக்கூடப் போனார். ஹாட்சனின் அணி தடுமாறத் தொடங்கியதும் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானக் கேலரிகள் டால்கிலீஷின் பெயரைப் பாடின. 2011 ஜனவரியில் ஹாட்சன் விலக, டால்கிலீஷ் வந்தார். 2012 பிப்ரவரியில் லீக் கோப்பை வென்றார்; லீக் பட்டியலில் எட்டாம் இடம்; மே மாதம் நீக்கப்பட்டார். கணக்குப் புத்தகத்தில் இது ரசிகர் தேர்வின் தோல்வி. அந்த ஊர்க்காரர்கள் அப்படி எழுதவில்லை. 2017இல் மைதானத்தின் ஒரு பக்கக் கேலரிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

முடிவுகள் மட்டுமே முக்கியம் என்போருக்கு நான் காட்டும் முதன்மைச் சாட்சி செல்சி. 2012 மே மாதம் அந்தக் கிளப்புக்கு முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கொண்டுவந்த ராபெர்ட்டோ டி மட்டேயோவை அதே நவம்பரில் நீக்கிவிட்டு, ரஃபா பெனிடெஸை இடைக்கால மேனேஜராக அறிவித்தார்கள். லிவர்பூலில் இருந்தபோது 2005இலும் 2007இலும் செல்சியை ஐரோப்பிய அரையிறுதியில் வெளியேற்றியவர் பெனிடெஸ். அதுகூடப் பெரிதல்ல. செல்சி ரசிகர்களுக்குக் கிளப்பே கொடி வாங்கிக் கொடுத்து ஆட்டவைக்க வேண்டியிருக்கிறது, எங்களுக்கு அது தேவையில்லை என்ற பொருளில் 2007இல் அவர் பேசியிருந்தார். முதல் ஆட்டத்தில், நவம்பர் 25 அன்று, அவர் பெயர் அறிவிக்கப்பட்டதுமே மைதானம் ஊளையிட்டது. பதினாறாவது நிமிடத்தில் எல்லாரும் எழுந்து டி மட்டேயோவுக்குக் கைதட்டினார்கள். செல்சியில் ஆடிய காலத்தில் அவர் அணிந்த சட்டை எண் 16. பிறகு வந்த ஆட்டங்களிலும் இந்தக் கைதட்டல் தொடர்ந்தது. 2013 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோவில் ஜெயித்த இரவிலேயே, பாட்டுக்கும் பதாகைக்கும் ரசிகர்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று பெனிடெஸ் வெடித்தார். மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் பென்ஃபிகாவை 2-1 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பை. லீக்கில் மூன்றாம் இடம். சொன்ன வேலையைக் குறையில்லாமல் முடித்தவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை. வெற்றி ஒன்றே ரசிகனின் அளவுகோலாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சன்டர்லேண்டில் பிரச்சினை இன்னும் ஆழமானது. அந்தக் கிளப்பின் மைதானம், 1993இல் மூடப்பட்ட வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் 1997இல் எழுந்தது. சுரங்கத் தொழிலாளர் கையில் பிடித்த டேவி விளக்கின் பெரிய உருவம் ஒன்று வெளியே நிற்கிறது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பழைய பதாகை மைதானத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது. 2013 மார்ச் இறுதியில், கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் பயத்தில், பாவ்லோ டி கானியோவை மேனேஜராக்கினார்கள். இத்தாலியின் லாட்சியோ கிளப்பில் ஆடியபோது கூட்டத்தை நோக்கி வலக்கையை நீட்டி ஃபாசிச வணக்கம் வைத்தவர், நான் ஃபாசிஸ்ட், ஆனால் இனவெறியன் அல்ல என்று சொன்னவர். இயக்குநர் குழுவில் இருந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் அன்றே விலகினார். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தங்கள் பதாகையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. எத்தனை பேர் தாக்குதல் வரிசையில் ஆடுவார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் தாத்தாக்கள் மண்ணுக்கடியில் உழைத்த இடத்தின் மேல், அவர்கள் எதை எதிர்த்துப் போருக்குப் போனார்களோ அதைப் போற்றிய ஒருவரை நிறுத்துகிறீர்களா என்று கேட்டார்கள். தான் ஃபாசிசக் கொள்கையை ஆதரிக்கவில்லை என்று டி கானியோ அறிக்கை விட நேர்ந்தது. ஏப்ரலில் நியூகாசிலை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று வென்றதும், வந்திருந்த சன்டர்லேண்டு கூட்டம் அவரைக் கொண்டாடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ரசிகர்கள் ஒரே மனமாக இருப்பதில்லை, வெற்றி பலரின் வாயை அடைத்தது. ஆனால் அணி அந்த ஆண்டு தப்பியதே தவிர, செப்டம்பரிலேயே அவர் நீக்கப்பட்டார். ஆறு மாதத்துக்காக அந்த ஊரை இரண்டாகப் பிளந்திருக்க வேண்டாம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்தக் குரலுக்கு இருண்ட பக்கம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2021இல் அதே பெனிடெஸ் எவர்ட்டனுக்கு வரப்போகிறார் என்ற செய்தி பரவியது. 2007இல் எவர்ட்டனைச் சின்ன கிளப் என்று சொல்லியிருந்தவர் அவர். அவருடைய குடும்பம் வாழ்ந்த பகுதியில், நீ எங்கே இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும், கையெழுத்துப் போடாதே என்ற மிரட்டல் துணி தொங்கியது. இது குற்றம், விவாதம் அல்ல. ஆறரை மாதத்தில் அவர் நீக்கப்பட்டதும் போர்த்துக்கல்காரர் விட்டோர் பெரெய்ராவின் பெயர் வந்தது. மைதானச் சுவரில் அவரை எதிர்த்தும் ஃபிராங்க் லேம்பார்டை ஆதரித்தும் வண்ணம் அடித்தார்கள். லேம்பார்டே வந்தார். இதில் வெளிநாட்டவர்மேல் அவநம்பிக்கையும், தொலைக்காட்சியில் பழகிய முகத்தின்மேல் மோகமும் இருந்தன என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். பெரெய்ரா போர்ட்டோவோடு இரண்டு லீக் பட்டங்கள் வென்றவர். அது சரியாக எடைபோடப்படவில்லை. அதற்குக் காரணம் ரசிகர்கள் பேசியதா? அவர்கள் பேசுவதற்கு முறையான இடமே இல்லாததா? எதை எதிர்பார்த்து ஒருவரை எடுக்கிறோம் என்று கிளப் வாய் திறக்காதபோது, பதில் சுவரில்தான் எழுதப்படும்.

அதிகாரம் கொடுத்தால் ரசிகர்கள் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார்கள் என்ற அச்சத்துக்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 2008இல், ஆளுக்கு 35 பவுண்டு கட்டிய ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் சேர்ந்து, கென்ட் பகுதியிலுள்ள எப்ஸ்ஃபிளீட் யுனைடெட் என்ற சிறிய கிளப்பை வாங்கினார்கள். யார் ஆட வேண்டும் என்பதை உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்யலாம் என்பதுதான் அந்தத் திட்டத்தின் கவர்ச்சி. வாக்கெடுப்பு வந்தபோது, அணித் தேர்வு மேனேஜர் லியாம் டெய்ஷின் கையிலேயே இருக்கட்டும் என்று பெருவாரியானவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மே மாதம் வெம்பிளியில் எஃப்.ஏ. டிராஃபியையும் வென்றார்கள். சந்தா கட்டியவர்கள் வேகமாகக் குறைந்து 2013இல் அந்த முயற்சி முடிந்துபோனது உண்மை. அந்த ஊரோடு ஒட்டுறவில்லாத முப்பதாயிரம் பேரைக் கூட்டிவைத்துக் கிளப் நடத்த முடியாது. ஆனாலும் தங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதில் ரசிகர்களுக்குத் தெளிவு இருக்கிறது.

உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பார்சிலோனாவில்கூடப் பயிற்சியாளர் நியமனம் வாக்கெடுப்புக்கு விடப்படுவதில்லை. 2008இல் அங்கே என்ன செய்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது. தலைமைப் பயிற்சியாளருக்கு என்னென்ன பண்புகள் வேண்டும் என்று முதலில் எழுத்தில் வரையறுத்தார்கள். ஆட்ட முறை, இளைஞர் பயிற்சிப் பள்ளியோடு உறவு, பொது இடத்தில் நடந்துகொள்ளும் விதம், கிளப்பைப் பற்றிய அறிவு எல்லாம் அதில் இருந்தன. பிறகு லிஸ்பனுக்குப் போய் மொரீனியோவைச் சந்தித்தார்கள். வெற்றிக் கணக்கில் அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. ஆனால் எழுதிவைத்த வரையறைக்கு அவர் பொருந்தவில்லை. முதன்மை அணி எதற்கும் பயிற்சி கொடுத்திராமல், கீழ்ப் பிரிவில் கிளப்பின் இரண்டாம் அணியை ஒரே ஓர் ஆண்டு நடத்தியிருந்த பெப் குவார்டியோலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஜூலையில் உறுப்பினர்களில் அறுபது சதவீதம் பேர் தலைவர் லபோர்டாவுக்கு எதிராக வாக்களித்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு எட்டாததால்தான் அவர் பிழைத்தார். அடுத்த மே மாதத்தில் மூன்று கோப்பைகள் அந்த அலமாரியில் இருந்தன. ரசிகர்கள் கேட்கும் கேள்வியை இங்கே நிர்வாகமே தன் மேசையில் வைத்துக் கேட்டது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இங்கிலாந்தில், பெரிய கிளப்புகள் தனியே பிரிந்து ஆட முயன்ற 2021இன் சூப்பர் லீக் திட்டம் ரசிகர் எதிர்ப்பால் இரண்டே நாளில் சிதறிய பிறகு, அரசு ஒரு மறுஆய்வை நடத்தியது. அதன் வழியே வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலையில் அரச ஒப்புதலைப் பெற்றது. கிளப்பின் பெயர், சின்னம், சட்டையின் நிறம், சொந்த மைதானம் ஆகியவற்றில் கைவைக்குமுன் ரசிகர்களைக் கேட்க வேண்டும் என்ற நிலையை அது கொண்டுவருகிறது. மேனேஜர் நியமனம் அதில் இல்லை. இருக்கவும் கூடாது என்றே நானும் சொல்வேன். வேறொரு கிளப்பில் ஒப்பந்தத்தில் இருப்பவரின் பெயரைப் பகிரங்கமாக வைத்து வாக்கெடுக்க முடியாது, அப்படிச் செய்தால் நல்லவர்கள் யாரும் பேச வர மாட்டார்கள். ஆனால் பெயரைச் சொல்லாமலே அளவுகோலைச் சொல்லலாம். பிரீமியர் லீக் கிளப் ஒவ்வொன்றிலும் இப்போது ரசிகர் ஆலோசனைக் குழு இருக்கிறது. பதவி காலியாகாத ஒரு சாதாரண மாதத்தில் அந்தக் குழுவோடு உட்கார்ந்து, இந்தக் கிளப்பின் மேனேஜர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், எப்படிப்பட்டவரை ஒருநாளும் அழைக்க மாட்டோம் என்று இரண்டு பக்கம் எழுதி வெளியிட ஓர் உரிமையாளருக்கு ஒரு பவுண்டுகூடச் செலவாகாது.